டெங்கு வந்ததைக் கொப்பியில் எழுதித் தாருங்கள்

வன்னியின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும்,

வணக்கம். மாரி தொடங்கினால் வீடுவீடாக வந்து சிரட்டை, டயர் எல்லாம் கவிழ்க்கச் சொல்கிறீர்கள். நல்லது. ஆனால் படலையில் நின்றபடி, "எனக்கு ஒருக்கா வந்திட்டுது, இனி வராது" என்பவருக்கு உங்கள் துண்டுப்பிரசுரத்தில் பதில் இல்லை.

சின்னமுத்தை (தட்டம்மையை) பார்த்து வந்த நம்பிக்கை அது. சின்னமுத்து மாறியபின், அந்த வைரசை எதிர்த்த பி கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்களில் சில பிளாஸ்மா கலங்களாகி, எலும்புக்குள் இருக்கும் என்பு மச்சையில் குடியிருந்து, வைரசில் ஒட்டி அதை முடக்கும் பிறபொருளெதிரி என்ற புரதத்தைப் பல பத்தாண்டுகளுக்குச் சுரக்கும். வேறு சில, அதே வைரசு திரும்பி வந்தால் எதிர்க்க, நினைவுக் கலங்களாகக் காத்திருக்கும். அங்கே வைரசு ஒரே வகை என்பதால் கதை அத்தோடு முடிகிறது.

டெங்கு வைரசில் நான்கு வகை. இரண்டாம் தடவை வேறு வகை தொற்றினாலும், முதல் வகைக்குப் பழகிய நினைவுக் கலங்கள்தான் முந்திக்கொண்டு பெருகும். காய்ச்சல் தொடங்கி ஆறேழு நாளில் பிறபொருளெதிரி சுரக்கும் இளம் கலங்கள் இரத்தத்தில் குவிந்துவிடும். வேகத்தில் குறையில்லை. ஆனால் சுரப்பதில் பெரும்பகுதி பழைய வகைக்கு அளவெடுத்தது. புதியதில் ஒட்டுமே தவிர முடக்காது. ஒட்டியதைச் சில வெண்குருதிக் கலங்கள் விழுங்க, வைரசு உள்ளே போய் அங்கேயே பெருகுகிறது. கியூபாவில் 1977இல் முதலாம் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோதுதான் குருதிப்பெருக்கும் இரத்த அழுத்தம் விழும் அதிர்ச்சிநிலையும் பெருகின.

இரண்டாம் தடவை வந்த எல்லோரும் கடுமையாவதில்லை, வீணாகப் பயமுறுத்தவும் வேண்டாம். ஆனால் 2017இல் இலங்கையில் 1,80,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு பதிவானது. அவர்களுக்கு இன்னும் மூன்று வகை வரை பாக்கி இருக்கலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். டெங்கு உறுதியானால், கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் மாதமும் ஆண்டும் எழுதி முத்திரை குத்திக் கொடுங்கள். இரத்தப் பரிசோதனைத் துண்டு ஒரு மாரி தாண்டாது. எந்த வகை என்று சாதாரணப் பரிசோதனை காட்டாது, பரவாயில்லை. அடுத்த காய்ச்சலுக்கு முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ பார்க்கும் வைத்தியருக்கு "முன்பு வந்தது" என்பதே பெரிய தகவல். கொப்பியில் ஒன்றும் இல்லையென்றால் முன்பு வரவில்லை என்று எடுத்துவிடவும் முடியாது. பலருக்கு முதல் தொற்று காய்ச்சலே இல்லாமல் போய்விடும்.

அப்புறம், துண்டுப்பிரசுரத்தில் இன்னொரு வரி: காய்ச்சல் விட்டதென்று பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பும் அந்த ஓரிரு நாளில்தான் குருதிக்குழாயிலிருந்து நீர் கசியும். வயிற்றுநோ, விடாத சத்தி, சோர்வு இருந்தால் உடனே ஆசுபத்திரிக்கு. இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உயர்தர உயிரியல் ஆசிரியர்,
கிளிநொச்சி