ரிப்போர்ட்டுக்கு முன்னால் வந்தவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் மகள் பாப்பாவின் சிறுநீரகத்தில் வந்து, ஆபரேஷனில் எடுத்த புற்றுநோய்க் கட்டியின் (வில்ம்ஸ் கட்டி) பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது. முதல் நிலை, நடுத்தர அபாய வகை. கட்டி சிறுநீரகத்தைத் தாண்டவில்லை. வெட்டிய விளிம்பில் எதுவும் இல்லை. நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க எடுத்த நிணநீர்க் கணுக்களில் (உடம்புக்குள் இருக்கும் சிறு முடிச்சுகள்) ஒன்றில்கூட நோய் இல்லை. இன்னும் நான்கு வாரம் கீமோ, அதோடு மருந்து முடிகிறது. கதிர்வீச்சு தேவையில்லை.

போனில் சொல்லலாம் என்று இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டேன். பாதியிலேயே பேச முடியாமல் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். இத்தனை மாதமாக என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நன்றி சொல்ல வேண்டியது மட்டும் நிறைய இருக்கிறது.

கட்டி வயிற்றுக்குள் உடைந்துவிடாமல் முழுதாக எடுத்துத் தந்த சர்ஜனுக்கும் அவருடைய குழுவுக்கும் முதல் வணக்கம். உடைந்திருந்தால் அந்த நிமிடமே அது மூன்றாம் நிலையாகியிருக்கும். முதுகில் மெல்லிய குழாய் வைத்து, ஆபரேஷனுக்குப் பிறகும் பாப்பா வலியில் துடிக்காமல் பார்த்துக்கொண்ட மயக்க மருந்து டாக்டருக்கு, ‘வயிற்றை அழுத்தாதீர்கள்’ என்று கட்டிலுக்கு மேலே எழுதி ஒட்டி, புதிதாக வந்த ஒவ்வொருவரிடமும் அதையே வாயாலும் சொன்ன சிஸ்டர்களுக்கு, வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசியால் கால் தளர்ந்தபோது விளையாட்டுக் காட்டியே நடக்க வைத்த பிசியோதெரபி தங்கைக்கு, கேட்டதும் ஓடி வந்து ரத்தம் கொடுத்தவர்களுக்கு, பெரியவனைத் தங்கள் பிள்ளையாகவே வைத்துக்கொண்ட அண்ணன், அண்ணிக்கு, எதுவும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு, எல்லோருக்கும் நன்றி. பெயர் விட்டுப்போயிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மனசில் யாரும் விட்டுப்போகவில்லை.

ஆனால் ஒருவரைப் பற்றி உங்களில் யாருக்கும் தெரியாது. அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடலை ஆரம்பித்தேன்.

ஆபரேஷன் முடிந்தால் பயமும் முடியும் என்று நானும் அவள் அம்மாவும் நம்பியிருந்தோம். சர்ஜன் வெளியே வந்து, “நல்லபடியா எடுத்தாச்சு, மேல என்ன மருந்துங்கறதை ரிப்போர்ட் வந்ததும் முடிவு பண்ணுவோம்” என்றார். அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மிகவும் கொடுமை. ஆபரேஷன் நாளிலாவது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், எப்படியும் ஒரு கதவு திறக்கும் என்று தெரியும். ரிப்போர்ட்டுக்கு அப்படி ஒரு நேரம் கிடையாது. ஒவ்வொரு நாள் தள்ளும்போதும், ஏதோ கெட்டதாக இருக்கிறது, அதனால்தான் தாமதிக்கிறார்கள் என்று தோன்றியது. போதாததற்கு, ஆபரேஷனுக்கு முன் கொடுத்த கீமோவுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகச் சுருங்கியிருக்கவும் இல்லை. மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு நாள் நேராக லேப் கவுன்ட்டருக்குப் போனேன். “இன்னும் ரெடியாகலைங்க” என்றார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள். எனக்குத் திரும்பிப் போகக் கால் வரவில்லை, சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். ஸ்லைடு தட்டோடு உள்ளேயிருந்து வந்த ஒரு டாக்டரம்மா என்னைத் தாண்டிப் போனார். நாலடி போனவர் திரும்பி வந்தார்.

“யாரோட ரிப்போர்ட்டுக்குங்க?”

சொன்னேன்.

“கிட்னி கட்டி, அந்தப் பாப்பாவோட அப்பாவா? வாங்க, உட்காருங்க.”

உட்கார வைத்ததும் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். “முடிவை நான் சொல்லக் கூடாது, இன்னும் முழுசா பார்த்து முடிக்கவும் இல்லை. பாப்பாவோட டாக்டர்கள் எல்லாரும் கூடிப் பேசி அவங்கதான் சொல்லுவாங்க. ஆனா இத்தனை நாளா நாங்க உள்ள என்ன செய்யறோம்னு உங்களுக்குச் சொல்லலாம்.”

சொன்னார். அவர் சொன்னதை அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டேன். காத்திருக்கும் வேறு பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

எடுத்த சிறுநீரகத்தைத் தியேட்டரில் யாரும் வெட்டிப் பார்க்கக் கூடாதாம். முழுதாக லேபுக்கு வர வேண்டும். வெட்டினால் மேலுறை விலகிவிடும், கட்டி உறையைத் தாண்டியதா இல்லையா என்று அப்புறம் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வந்ததும் அதன் வெளிப்புறம் முழுவதும் மை தடவுகிறார்கள். பிறகு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது அந்த மைதான் எல்லைக்கோடு. நோய் செல்கள் மையைத் தொடவில்லை என்றால் விளிம்பு சுத்தம். அதற்கு முன்னால் திசு ஃபார்மலினில் ஊறிக் கெட்டிப்பட வேண்டும், அவசரப்படுத்தினால் பார்வை கெட்டுப்போகும். அப்புறம் கட்டியைச் சென்டிமீட்டர் கணக்கில் துண்டு துண்டாக எடுத்து மெழுகில் பதிக்கிறார்கள். அந்த மெழுகுக் கட்டியிலிருந்து மூன்று, நான்கு மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். தலைமுடியின் பருமனில் கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்கு. பிறகு சாயம் ஏற்றி, ஒவ்வொரு ஸ்லைடையும் ஒரு மூலை விடாமல் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் அனுபவமுள்ள இன்னொருவரிடமும் காட்டுவார்கள்.

“நாள் ஆகுதுன்னா ஏதோ மறைக்கிறோம்னு நினைக்காதீங்க. அவசரமா எழுதின ரிப்போர்ட்தான் பாப்பாவுக்கு ஆபத்து. நிலையைக் குறைச்சு எழுதிட்டா மருந்து பத்தாமப் போகும். கூட்டி எழுதிட்டா தேவையில்லாத மருந்தும் கதிர்வீச்சும் அந்தச் சின்ன உடம்புல ஏறும்.”

கட்டி சுருங்காததைப் பற்றி நானே கேட்டேன். பாப்பாவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார். ஆபரேஷனுக்கு முன் கொடுக்கும் கீமோவில் சில கட்டிகள் நன்றாகச் சுருங்கும். சிலவற்றில் தசை மாதிரி முதிர்ந்த திசு நிறைய இருக்கும், அவை அவ்வளவாகச் சுருங்காது, ஆனால் சுருங்காததாலேயே அது கெட்டது என்று அர்த்தமில்லை. அளவைவிட முக்கியம், மருந்துக்குப் பிறகும் மிஞ்சியிருப்பது எந்த வகைச் செல் என்பது. அதை ஸ்கேன் சொல்லாது, அவருடைய மேஜையில்தான் தெரியும்.

பிறகு ஒரு வரிசையில் இருந்த சின்னச் சின்ன டப்பாக்களைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் எந்த இடத்திலிருந்து எடுத்த நிணநீர்க் கணு என்று எழுதியிருந்தது. “உங்க சர்ஜன் இதை எடுத்து அனுப்பியிருக்காரே, இதுக்கே நான் அவருக்கு நன்றி சொல்லணும்” என்றார். இந்தக் கட்டியில் குறைந்தது ஏழு கணுக்களாவது எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது உலக அளவிலான பரிந்துரை. வெறும் கண்ணுக்கு நோயில்லாதது போலத் தெரியும் கணுவுக்குள்ளும் நோய் இருக்கலாம், வீங்கிய கணுவில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கணுவே வரவில்லை என்றால், பரவவில்லை என்று அவரால் எழுத முடியாது. வயிறு திறந்திருக்கும் நேரத்தில், பெரிய கட்டி வெளியே வந்த நிம்மதியில் கையை எடுத்துவிடாமல், ரத்தக் குழாய்களின் ஓரமாகத் தேடித் தேடி அவற்றை எடுப்பது தனி உழைப்பு. சர்ஜன் அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இவர் சொல்லித்தான் தெரிந்தது.

மொத்தத்தில் கால் மணி நேரம் இருக்கும். இவரைப் போல லேபில் திசுவைச் சோதித்து நோயைச் சொல்லும் பெத்தாலஜி டாக்டர்களை நோயாளிகள் பார்ப்பதே அபூர்வம். அவருக்கு அன்று எவ்வளவு வேலை இருந்ததோ, அந்தத் தட்டு நிறைய எத்தனை வீட்டுப் பிள்ளைகளின் ஸ்லைடு இருந்ததோ. நல்ல செய்தி என்று அவர் எதையும் சொல்லவில்லை. ஆறுதலுக்காகக்கூட ‘எல்லாம் சரியாயிடும்’ என்று சொல்லவில்லை, அவரால் அதைச் சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் மகளுக்காக உள்ளே ஒருவர் பொறுமையாக, ஒரு மூலை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. அன்று இரவு நான் தூங்கினேன். அவள் அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவளும் தூங்கினாள்.

லேபிலிருந்து நான் கிளம்பும்போது அந்த டாக்டரம்மா கேட்ட கடைசிக் கேள்வி, “பாப்பா நடக்கறாளா?” என்பதுதான். ஆமாம் என்றேன். “ஸ்லைடா மட்டும்தான் எங்களுக்குக் குழந்தைங்களைத் தெரியும். அதான் கேட்டேன்” என்றார்.

டாக்டரம்மா, நீங்கள் இதைப் படிப்பீர்களா தெரியாது. நடக்கிறாள். ஓடவே ஆரம்பித்துவிட்டாள்.

ரிப்போர்ட் கையில் வந்த பிறகு நிறைய யோசித்தேன். இந்தக் கட்டியை விரிவாக எழுதி வைத்தவர் மாக்ஸ் வில்ம்ஸ் என்ற ஜெர்மானிய சர்ஜன், 1899இல். அவர் காலத்தில் இது வந்த பிள்ளைகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. கத்தி மட்டும் போதவில்லை. கதிர்வீச்சு வந்தது, 1950களில் ஆக்டினோமைசின் என்ற கீமோ மருந்து வந்தது, பிறகு நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின் வந்தது. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். எங்கள் மகள் அந்த ஒன்பதில் நிற்பதற்கு முகம் தெரியாத எத்தனை பேருடைய உழைப்பு காரணம் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. தங்கள் பிள்ளையை இழந்தும், அந்தச் சிகிச்சை விவரங்களை ஆய்வுக்குத் தந்த பெற்றோரும் அதில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்த மடலில் இடம் உண்டு.

வார்டில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி முடியாது என்பதையும் பார்த்தோம். கால் எலும்பில் கட்டி வந்த பையனுக்குக் காலை எடுக்காமலே நோயுள்ள எலும்பை மட்டும் எடுத்து உலோகம் வைத்தார்கள். அவன் ஊன்றுகோலோடு வந்து பாப்பாவுக்குக் கதை சொல்லுவான். நியூரோபிளாஸ்டோமா என்ற, நரம்புத் திசுவில் தோன்றும் புற்றுநோய் பரவிய நிலையில் வந்த குழந்தைக்கு ஆபரேஷன் ஒரு படி மட்டும்தான், அதன் பிறகும் நீண்ட பாதை இருக்கிறது. அந்த அம்மா எங்கள் ரிப்போர்ட்டைக் கேட்டு எங்களைவிட அதிகமாக அழுதார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

உலகத்தில் வருடத்துக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. வசதியான நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 சதவீதத்தை எட்டுவதே பாடு. நோயைக் கண்டுபிடிக்கத் தாமதம், பாதியில் நின்றுபோகும் சிகிச்சை, கிடைக்காத மருந்து, சரியாகப் படிக்கப்படாத ஸ்லைடு, எல்லாமே காரணம். 2030க்குள் உலகம் முழுவதும் குறைந்தது 60 சதவீதப் பிள்ளைகளாவது பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. அதில் முதலில் கவனிக்க எடுத்துக்கொண்ட ஆறு நோய்களில் எங்கள் மகளுக்கு வந்ததும் ஒன்று. முன்பு படித்திருந்தால் வெறும் எண்ணாகக் கடந்து போயிருப்பேன், இப்போது முடியவில்லை.

பாப்பாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஒரு சிறுநீரகத்தோடு அவள் எல்லாப் பிள்ளைகளையும் போல வளரலாம். ரத்த அழுத்தமும் சிறுநீரும் அவ்வப்போது பார்க்க வேண்டும், டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை கொடுக்கக் கூடாது. திரும்ப வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் வரும் என்பதால் வயிற்று ஸ்கேனும் நெஞ்சு எக்ஸ்ரேயும் தொடரும். மருந்து முடிந்து வெள்ளையணு ஏறியதும் சொல்கிறேன், அப்புறம் எல்லோரும் வந்து ஆசை தீரக் கொஞ்சுங்கள்.

கடைசியாக ஒன்று. நானும் அவள் அம்மாவும் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். வார்டு சிஸ்டரிடமும் சொல்லிவிட்டோம். ஆபரேஷன் முடிந்து ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் பெற்றோர் யாராக இருந்தாலும், விருப்பப்பட்டால் எங்களைக் கூப்பிடலாம். நாங்கள் டாக்டர் இல்லை, முடிவைப் பற்றி எதுவும் பேச மாட்டோம். மை தடவுவதிலிருந்து கடைசி ஸ்லைடு வரை உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவோம். ராத்திரியானாலும் பரவாயில்லை, கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா, அம்மா