காலை ஐந்து மணிக்கு எங்கள் ரோட்டில் நடப்பது புலிதான்

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கள் ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவள் நான். போன வாரம் அதில், சின்னப் பிள்ளைகள் உள்ள பெற்றோர் காலை ஐந்து மணிக்கு எழும்பி முக்கால் மணி நேரம் நடந்தால் நாள் முழுக்கச் சுறுசுறுப்பாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. எழுதியவர் மலைப்பக்கம் வந்ததில்லை போல. ஹட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் காலை ஐந்து மணிக்கு நடப்பது புலிதான். (சிறுத்தை என்று எழுத வேண்டும், தெரியும், இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. இந்த வருடம் மட்டும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மூன்று நாய்களைக் காணோம்.) சரி, புலி இல்லை என்றே வைத்துக்கொள்வோம், நாலு வயதுக்காரியையும் இரண்டு வயதுக்காரனையும் யாரிடம் விட்டுவிட்டு நான் நடப்பது? வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடையில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார். எனக்கு ஐந்து மணி என்றால் ரொட்டி சுடுகிற நேரம்.

தேகப்பயிற்சி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எனக்குத்தான் அது முதலில் வேண்டும். சின்னவன் வயிற்றில் இருந்தபோது சீனி வருத்தம் (நீரிழிவு) வந்து, பிறந்ததும் போய்விட்டது. ஆனால் அப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாக வர வாய்ப்பு அதிகம் என்று கிளினிக்கில் சொல்லித்தான் அனுப்பினார்கள். போன வருடம் வெறும் வயிற்றில் பார்த்தபோது இரத்தத்தில் சீனி 118. 126 ஆனால் வருத்தம், 100க்குக் கீழே இருந்தால் நல்லது, நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள் என்றார் டாக்டர். 2002இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வையும் சொன்னார்: இப்படி நடுவில் நின்றவர்களில், வாரம் 150 நிமிட உடற்பயிற்சி, எடையில் 7 சதவீதம் குறைப்பு என்று இலக்கு வைத்துச் செய்தவர்களுக்கு வருத்தம் வருவது 58 சதவீதம் குறைந்ததாம், மாத்திரை போட்டவர்களுக்கு 31 சதவீதம்தானாம்.

எங்கள் அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். அவரிடம் போய் யாரும் உடற்பயிற்சி செய் என்று சொன்னதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், மலை ஏறி, 18 கிலோ நிறுத்துக் கொடுத்துவிட்டு இறங்கி வந்து சமைப்பார். அதை உடற்பயிற்சி என்று சொல்ல எனக்கு வாய் வராது, கழுத்தும் முழங்காலும் போய் இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஆனால் அவர் தின்ற கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் அந்த மலையிலேயே கரைந்தன. நான் படித்து டவுனில் ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞர் ஆகிவிட்டேன், காலை எட்டரையிலிருந்து நாலேகால் வரை நாற்காலி. கூடையை இறக்கி வைத்தோம், ரொட்டியை இறக்கி வைக்கவில்லை. என்னோடு படித்து இப்போது பாடசாலையிலும் வங்கியிலும் கடையிலும் இருக்கிற பலருக்கும் இதுதான் நிலைமை, பாதிப் பேர் கைப்பையில் மாத்திரை இருக்கிறது.

அப்புறம்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. உலக சுகாதார ஸ்தாபனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். முன்பு ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று இருந்ததை 2020இல் வந்த வழிகாட்டலில் எடுத்துவிட்டார்கள், மூன்று நிமிடமும் கணக்குத்தான். இதை உங்கள் மருத்துவப் பக்கம் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். பிள்ளை வைத்திருக்கிறவளுக்கு முக்கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பது அவள் காய்ச்சலில் படுத்தால்தான்.

நான் செய்தது ஒன்றுதான், ஆட்டோவில் போவதை நிறுத்தினேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற சித்தி வீடு பஸ் ரோட்டோரம், முன்பள்ளியும் அங்கேதான். காலையில் இறங்க 15 நிமிடம். மாலையில் ஏற 25 நிமிடம், சின்னவன் 11 கிலோ, இடுப்பில். ஐந்து நாளைக்கு ஏற்றம் மட்டுமே 125 நிமிடம் வருகிறது. முதல் வாரம் பெரியவள் நடுரோட்டில் உட்கார்ந்து அழுதாள், ஆட்டோக்காரத் தம்பி வண்டியை நிறுத்தி "என்னக்கா, என்மேல கோபமா?" என்றான், மேல் லயத்து ஆத்தா ஒருவர் "ஏன் புள்ள, ஆட்டோவுக்குக் காசில்லையா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார். இரண்டாவது வாரம் ஒவ்வொரு மதகுக்கும் ஓட்டப்பந்தயம் என்று வைத்தேன். ஏழு மதகு. இப்போது எனக்கு மூச்சு வாங்குகிறது, அவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். அவள் வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 180 நிமிடம் ஓடியாட வேண்டுமாம், ஆட்டோவில் உட்கார வைத்து அதை நான்தான் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை மழை, அட்டை. அந்த நாட்களில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஏற முடியாது, ஆட்டோதான், ரோஷம் எல்லாம் பார்க்க முடியாது. வீட்டுக்கு வந்து வாசற்படியில் ஏறி இறங்குகிறேன், பெரியவள் எண்ணுகிறாள், அப்படித்தான் நூறு வரை எண்ணப் பழகினாள், எழுபத்தொன்பதுக்குப் பிறகு மட்டும் தொண்ணூறுக்குத் தாவிவிடுவாள், நானும் திருத்துவதில்லை. தசைக்கு வலுக்கொடுக்கிற பயிற்சி வாரம் இரண்டு நாள் வேண்டும் என்கிறார்கள், சின்னவனை முதுகில் ஏற்றி உட்கார்ந்து எழும்புகிறேன். அவனுக்கு அது குதிரை. நான் நிறுத்தினாலும் அவன் விடமாட்டான். இரவெல்லாம் பிள்ளை இருமிய அடுத்த நாள் ஒன்றும் செய்வதில்லை, கிடைக்கிற இடத்தில் தூங்குகிறேன். தூக்கத்தைக் கெடுத்து உடற்பயிற்சி செய் என்கிறவர்கள் வீட்டில் பிள்ளையை வேறு யாரோ பார்க்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் பிரச்சினை. பக்கத்தில் மைதானம் இருக்கிறது, கேட்டுக்குப் பூட்டும் இருக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார். பெரிய ரோட்டில் நடைபாதை கிடையாது, வளைவில் பஸ் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரக் கானுக்குள் இறங்க வேண்டும். பத்திரிகைக்காரர்கள் எங்களுக்கு மன உறுதி பற்றி எழுதுவதைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, மலையகத்தில் இப்படி எத்தனை மைதானம் பூட்டிக் கிடக்கிறது என்று ஒரு பக்கம் போட்டால் நான் வெட்டி வைத்துக்கொள்வேன்.

போன மாதம் பார்த்தபோது சீனி 108. டாக்டர் "பரவாயில்லை, தேத்தண்ணியில் சீனியைக் குறையுங்கள்" என்றார், அதில் இன்னும் வெற்றி இல்லை. வீட்டுக்காரர் லீவில் வந்தபோது எங்களோடு ஏறினார், மூன்றாவது மதகில் உட்கார்ந்துவிட்டார். பெரியவள் அவர் பையையும் வாங்கிக்கொண்டு முன்னால் ஓடிவிட்டாள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா,
ஹட்டன்