நூலகத்து மேசையில் தமிழ்ப் பேய்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த சனிக்கிழமை பிற்பகல், ஐப்பசி இடி முழங்கிக்கொண்டிருந்த நேரம், 12 வயதுப் பேர்த்தியுடன் கொழும்பிலுள்ள நூலகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். வாசலருகே கறுப்புத் துணி விரித்த மேசை. நடுவில் கடதாசிப் பூசணிக்காய். சுற்றிவரப் பேய்க்கதைப் புத்தகங்கள். ஒக்டோபர் வாசிப்பு மாதம் என்பதால், 31ஆம் திகதி ஹலோவீனைச் சாட்டிப் பிள்ளைகளை வரவழைக்கச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மேசையில் இருந்தவை அத்தனையும் ஆங்கிலப் புத்தகங்கள். "அம்மம்மா, தமிழில் பேய்க்கதையே இல்லையா?" என்று அவள் கேட்டபோது எனக்கு நெஞ்சில் தைத்தது.

22 ஆண்டுகள் பாடசாலை நூலகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டவள் நான். நம்முடைய பேய்கள் எந்த அடுக்கில் இருக்கின்றன என்று தெரியும். காரைக்கால் அம்மையார் நூலகப் பகுப்பு இலக்கம் 294.5இல், சமய நூல்களுக்குள். நாட்டார் கதைகள் 398இல். போர்க்களம் பாடும் பரணியும் சிறுகதைகளும் தமிழ் இலக்கியத்துக்கான 894.811இல். பகுப்பு முறையில் பிழை இல்லை. ஆனால் எந்தப் பிள்ளையும் இலக்கம் பார்த்துப் பேய் தேடி வராது. யாராவது எடுத்துவந்து கண்முன் வைக்கவேண்டும்.

அன்றே கலிங்கத்துப்பரணியை உரையோடு இரவல் பெற்றோம். ஜெயங்கொண்டார் ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் பாடியது. காதல் பாடும் 'கடைதிறப்பு' என்ற பகுதியைப் பெரியவர்களுக்கு விட்டுவிடலாம். பிள்ளைகளுக்குக் கூழ் அடும் பகுதி போதும். போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைக்கின்றன. யானைக் கொம்பு உலக்கையாகிறது. பிறகு பந்தி. ஊமைப்பேய் ஒன்று தன் பசியைக் காட்டி, நிறைந்திருக்கும் கூழைக் காட்டி, கையாலேயே பேசுகிறது. அன்றிரவு மழைச் சத்தத்துக்குள் நான் வரிவரியாகப் பொருள் சொல்ல, அருவருத்துப் போர்வையை இழுத்துக்கொண்டிருந்தவள் அந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்தாள். "பாவம், அதற்குத்தான் முதலில் ஊற்றவேண்டும்" என்றாள்.

அம்மையாரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது மாங்கனிக் கதை மட்டுமே. தன்னைக் 'காரைக்கால் பேய்' என்று தானே பாடிக்கொண்டவர் அவர். ஆலங்காட்டுச் சுடுகாட்டில், எழும்பிய நரம்பும் குழிவிழுந்த வயிறுமாகத் திரியும் பெண்பேயை அவர் பாடியிருப்பதை வாசித்துக் காட்டினால் எந்த வகுப்பும் மூச்சுவிடாமல் கேட்கும். சமய பாடத்தில் நாம் ஏன் அதைத் தாண்டிப் போகிறோம்?

உயர்தர மாணவர்களுக்குப் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. வீட்டு வேலைக்கு வந்தவள் யார் என்பதை அவர் கடைசிவரை உறுதியாகச் சொல்வதில்லை. அந்தப் பயம் விளக்கை அணைத்த பிறகும் கூடவே இருக்கும். சின்னவர்களுக்கு வேதாளம் கேள்வி கேட்கும் விக்கிரமாதித்தன் கதைகள் இருக்கின்றன.

எங்கள் ஊர்ப் பேய்களான கொத்தியையும் முனியையும் நான் என் அம்மாவின் வாயால்தான் கேட்டேன். அப்படிச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு மாலை அவர்களை அழைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்தால் என்ன?

ஹலோவீன் முடிந்தாலும் மழை கார்த்திகைவரை இருக்கும். கொழும்பு நூலகங்களில் எதுவாயினும், பாதி மேசையைத் தமிழுக்கு ஒதுக்கினால் போதும். புத்தகங்களைத் தெரிந்து அடுக்கிக் கொடுக்க நான் வருகிறேன், பேர்த்தியும் வருவாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.