அவர் நொதிகளை வடிவமைக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க வேதிப் பொறியாளர் பிரான்சிஸ் அர்னால்டு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் அதில் அவரைத் திரும்பத் திரும்ப 'நொதிகளை (உயிர்களுக்குள் வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதங்களை) வடிவமைத்தவர்' என்ற பொருளில் எழுதியிருக்கிறீர்கள். பல வருடம் வேதியியல் பாடம் எடுத்தவன் என்பதால் அந்தச் சொல் கண்ணை உறுத்தியது.

வடிவமைக்கத்தான் முதலில் முயன்றார், உண்மைதான். பிரின்ஸ்டனில் இயந்திர, விண்வெளிப் பொறியியல் படித்தவர். பெர்க்லியில் வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம் வாங்கி, 1986இல் கால்டெக் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) வந்தவர். பொறியாளர் புத்தி வேறு எப்படிப் போகும்? ஆனால் நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் மடிந்து கிடக்கும் புரதத்தில் எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று கணிக்க முடியவில்லை. சரி, பரிணாமத்தில் இயற்கை செய்கிற மாதிரியே செய்து பார்ப்போம் என்று வழியை மாற்றிக்கொண்டார்.

சலவைத்தூளில் சேர்க்கிறார்களே, அந்த சப்டிலிசின் வகை நொதிதான் அவர் எடுத்துக்கொண்டது. தண்ணீரில் நன்றாக வேலை செய்யும். டைமெதில் ஃபார்மமைடு என்ற கரைப்பான் கலந்தால் படுத்துவிடும். அதன் மரபணுவில் கண்டபடி மாற்றங்களை உண்டாக்கி, பாக்டீரியாவுக்குள் விட்டு, அந்தக் கரைப்பானிலும் பால்புரதமான கேசினை நன்றாக உடைக்கிற நொதியை மட்டும் பொறுக்கினார். அதிலிருந்து அடுத்த தலைமுறை, அப்புறம் இன்னொன்று. மூன்றாவது தலைமுறையில் கிடைத்த நொதி அந்தக் கரைப்பானில் மூலத்தைவிட 256 மடங்கு நன்றாக வேலை செய்தது. அதில் பத்து மாற்றங்கள் இருந்தன. அந்தப் பத்தும் சேர்ந்தால் இப்படி ஆகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. இது 1993இல் வெளியானது. 2018இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது இந்த வழிமுறைக்காகத்தான். இதில் அவர் வடிவமைத்தது நொதியை அல்ல, பொறுக்கியெடுக்கும் சோதனையை.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. பரிசு வாங்கிய மறு வருடம் அவர் குழு வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையின் முடிவுகளை மறுபடி செய்தபோது கொண்டுவர முடியவில்லை. ஆய்வகக் குறிப்பேட்டிலும் முக்கியமான பதிவுகள் இல்லை. 2020 ஜனவரியில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அந்தச் சமயம் வேலை மும்முரத்தில் தான் சரியாகக் கவனிக்கவில்லை என்று அவரே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். விருதுப் பட்டியலுக்கு அரைப் பக்கம் ஒதுக்கிய கட்டுரையில் இதற்கு இரண்டு வரி கிடைத்திருக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்