மேடையில் பிள்ளையை நிறுத்தாமலும் நிதி சேர்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுவர் வைத்தியசாலைகளுக்கும் நோயாளர் விடுதிகளுக்கும் நிதி சேர்க்கும்போது, புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் பிள்ளைகளையும் அதில் சேர்த்துக்கொள்ளும் எண்ணம் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பலருக்கு உண்டு. நல்ல எண்ணம்தான். தாம் படுத்திருந்த விடுதிக்குத் தம் கையாலேயே ஏதாவது செய்யவேண்டும் என்று பிள்ளைகளும் ஆசைப்படுகிறார்கள். ஆனால், முடி கொட்டிய தலையோடு மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துவது அந்த ஆசைக்கு வழியல்ல.

அமெரிக்காவில் நியூரோபிளாஸ்டோமா என்ற சிறுவர் புற்றுநோயுற்றிருந்த அலெக்ஸாண்ட்ரா ஸ்கொட் என்ற சிறுமி, 2000ஆம் ஆண்டில், நான்கு வயதில், தேசிக்காய்த் தண்ணீர் விற்றுத் தன் வைத்தியசாலைக்கு 2,000 டொலருக்கு மேல் சேர்த்தாள். 2004இல் எட்டு வயதில் அவள் இறக்கும்போது அந்த முயற்சி பத்து இலட்சம் டொலர் அளவுக்கு வளர்ந்திருந்தது. அங்கே யோசனை பிள்ளையுடையது, பாரம் பெரியவர்களுடையது. நம் நாட்டிலும் 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் திரட்டினார்கள். நடப்பதும் அலைவதும் பெரியவர்களின் பங்கு.

கீமோ என்ற புற்றுநோய் மருந்து ஏறி ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை, கிருமிகளை எதிர்க்கும் வெண்குழியங்கள் பெரும்பாலும் மிகக் கீழே இறங்கிவிடும். அவற்றில் நியூட்ரோபில் என்ற வகை ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 500க்குக் கீழே போன பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே அவசர நிலை. நோட்டீஸ் அடித்துப் பிரதம விருந்தினரிடம் வாங்கிவைத்த திகதி இந்த நாட்களில் விழுந்தால், "பத்து நிமிடம்தானே" என்று கேட்பவர்களுக்குப் பெற்றோரால் மறுப்புச் சொல்ல முடிவதில்லை. பாடசாலை மண்டபம் என்றால் ஆபத்து இன்னும் கூட. கொப்பளிப்பான் வரப்போகும் மாணவனிடமிருந்து, கொப்பளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே நோய் தொற்றிவிடும். அப்படிப் பழகியது தெரியவந்தால் அன்றே விடுதிக்கு அறிவியுங்கள். தடுக்கும் ஊசி எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு பலன்.

பிள்ளைகள் கீறிய சித்திரங்களைப் பொங்கல், பெருநாள், நத்தார் வாழ்த்து அட்டைகளாக அச்சிட்டு விற்பதுதான் எங்களுக்குத் தெரிந்தவரை பொருத்தமான வழி. லுக்கீமியா என்ற இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் மருந்து விரல் நரம்புகளைப் பாதிக்கும். பொத்தான் போடவே கஷ்டப்படும் பிள்ளைக்கு மெல்லிய பென்சிலைக் கொடுத்தால் சீக்கிரமே கீழே வைத்துவிடும். தடித்த மார்க்கர் கொடுங்கள், ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டியாக. நீர்வர்ணம் வேண்டாம். தூரிகை கழுவும் கோப்பையில் தேங்கும் தண்ணீரில் சூடோமோனாஸ் பக்டீரியா பெருகக்கூடும். களிமண், காய்ந்த பூ, சருகு ஒட்டும் வேலைகளையும் விட்டுவிடுங்கள்; அவற்றிலுள்ள பூஞ்சண வித்திகள் மூச்சோடு நுரையீரலுக்குப் போகும். கீறும் கையில் மருந்தேற்றும் குழாயான கனூலா போடாமல் இருக்க முடியுமா என்று தாதியிடம் முன்கூட்டியே கேட்கலாம். ஸ்டீரொயிட் கொடுக்கும் நாட்களில் பிள்ளை பசியிலும் எரிச்சலிலும் இருக்கும். அப்போது வற்புறுத்தவே கூடாது.

முதலில் கடிதவுறையை வாங்குங்கள், பிறகு அட்டையின் அளவைத் தீர்மானியுங்கள். மாறிச் செய்தவர்களுக்கு அட்டை உறைக்குள் போகாமல் மிஞ்சியிருக்கிறது. ஏ4 தாளில் சுற்றிவர ஓர் அங்குலம் விட்டுக் கீறச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அச்சகத்தில் வெட்டும்போது சித்திரத்தின் ஓரம் போய்விடும். போனில் எடுத்த படத்தில் நிழல் விழும், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கான் செய்யுங்கள். சில நூறு அட்டைகளுக்கு டிஜிட்டல் அச்சு போதும், ஆயிரங்களுக்குப் போனால் ஓப்செட் மலிவு.

அட்டையின் பின்புறம் பெயரின் முதலெழுத்தும் வயதும் போதும். ஊர், பாடசாலை, முகப்படம் எதுவும் வேண்டாம். லுக்கீமியாச் சிகிச்சை இரண்டு மூன்று வருடத்தில் முடிந்துவிடும், ஆனால் முகநூலில் போட்ட படம் முடியாது. குணமாகி வளர்ந்த பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது அந்தப் படத்தை யாராவது தேடி எடுத்துக் காட்டுவார்கள். பெற்றோரின் கையெழுத்தோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பிள்ளை கடும் வருத்தத்தில் இருக்கும்போது பெற்றோர் எதிலும் கையெழுத்துப் போடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பணத்துக்கு இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டும் கட்டாயம். மேடை, ஒலிபெருக்கிச் செலவைப் பிள்ளைகளின் பெயரால் வந்த பணத்திலிருந்து எடுப்பது எங்கள் பார்வையில் பெரும் பிழை. அதற்கு வேறு அனுசரணையாளரைப் பிடியுங்கள்.

சேர்ந்த பணத்தில் விடுதிக்குக் கருவி வாங்குமுன் வைத்தியசாலைப் பணிப்பாளரிடம் தேவையை எழுத்தில் கேளுங்கள். தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவான கருவிதானா என்றும் பார்க்க வேண்டும். மருந்தை மெல்ல மெல்லச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் ஒன்றுக்கு எந்த நிறுவனத்தின் சிரிஞ்ச் பொருந்தும் என்பது முக்கியம். மாற்றிப் போட்டால் உள்விட்ட வித்தியாசத்தில் மருந்தளவு பிழைக்கும். குழாய்வழி மருந்தேற்றும் இன்பியூஷன் பம்புகள் சிலவற்றுக்கு அவற்றுக்கே உரிய குழாய்கள்தான் வேண்டும். அவை தீர்ந்த பிறகு வாங்க வழியில்லாவிட்டால் கருவி அலுமாரிக்குள் போய்விடும். குழாய்க்கும், பற்றரிக்கும், பழுதுபார்ப்புக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.

கருவிக்குப் பணம் போதாவிட்டால், வீடு திரும்பும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு டிஜிட்டல் வெப்பமானி கொடுக்கலாம். வாகரை, பொத்துவில் போன்ற தூரத்து ஊர்களில் இரவில் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். அக்குளில் வைத்துப் பார்க்கவும், 38 பாகை காட்டினால் பரசிற்றமோல் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் புறப்படவும் ஒரு துண்டில் தமிழில் எழுதி வெப்பமானியோடு சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சிறுவர் பராமரிப்புத் தொண்டர்கள் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு.