பொட்டுவின் ஆல்புமினை ஏற்றிவிட்டவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் நாய் பொட்டுவுக்கு, ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் 2.7 வந்திருக்கிறது. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த எண் ஒன்றும் சொல்லாது. மீதிப் பேர் இந்நேரம் கைதட்டியிருப்பீர்கள். அவளுக்குக் குடல் வழியாகப் புரதம் கசியும் நோய். ரத்தத்தில் ஆல்புமின் மிகவும் இறங்கிவிட்டால் ரத்தக்குழாய்க்குள் நீர் தங்காது, வயிற்றில் போய்க் கோத்துக்கொள்ளும். முதலில் பார்த்தபோது 1.4தான். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட, வயிறு மட்டும் உப்பிக் கிடந்தது. எடை பார்க்கும் மெஷினோ, அவள் இளைக்கவே இல்லை என்று சாதித்தது.

டாக்டர், முதல் நன்றி உங்களுக்கு. வயிற்றுப்போக்கே பெரிதாக இல்லாத நாய்க்குக் குடலில் கோளாறு என்று யாருக்குத் தோன்றும்? சிறுநீரில் புரதம் போகிறதா, கல்லீரல் ஒழுங்காக ஆல்புமினைத் தயாரிக்கிறதா, அட்ரினல் சுரப்பி சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளிவிட்டு, அப்புறம்தான் ஸ்கேனுக்கும் எண்டோஸ்கோப்பிக்கும் வந்தீர்கள். வயிற்று நீரை எடுத்துவிடுங்கள் என்று நான் நச்சரித்தபோது, "மூச்சு முட்டினால் எடுக்கலாம். சும்மா எடுத்தால் அதோடு புரதமும் போகும், நீரும் திரும்பக் கோக்கும்" என்றீர்கள். ஸ்டீராய்டு தொடங்கினால் தாகம் வரும், பசி வரும், தசை கரையும், நானாக ஒரு நாளும் சட்டென்று நிறுத்தக் கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிட்டீர்கள். ரத்தம் கட்டிக்கொள்ளாமல் காக்கும் புரதமும் இந்த நோயில் கசிந்துவிடுமாம், அதற்குத்தான் ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோகிரெல் மருந்து. "திடீரென்று மூச்சு வாங்கினாலோ பின்னங்கால் துவண்டாலோ போன் போட்டுக்கொண்டிருக்காதீர்கள், தூக்கிக்கொண்டு வாருங்கள்." இந்த வரி எங்கள் பிரிட்ஜ் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

பி12 ஊசி போடக் கற்றுக்கொடுத்த நர்ஸ் அக்கா, உங்கள் பொறுமைக்குக் கும்பிடு. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தளர்ந்த தோலை விரலால் கூடாரம்போலத் தூக்கி, அதன் அடியில் ஊசியைச் சாய்வாக நுழைக்க வேண்டும். மறுபக்கம் குத்திக்கொண்டு வந்து முடி நனைந்துவிட்டால் மருந்து உள்ளே போகவில்லை என்று அர்த்தம். வெறும் உப்புநீரை வைத்து எனக்குப் பழக்கிவிட்டீர்கள். இப்போது பொட்டு தூங்கிக்கொண்டிருக்கும்போதே போட்டுவிடுகிறேன்.

சாப்பாடுதான் பெரிய கதை. அவளுக்குக் குடலின் நிணநீர்க் குழாய்கள் வீங்கியிருக்கின்றன. கொழுப்பு உள்ளே போனால் அந்தக் குழாய்களில் அழுத்தம் கூடும், கசிவும் கூடும். அதனால் மாத்திரையைச் சீஸில் ஒளித்துக் கொடுக்கும் வழக்கமான தந்திரம்கூட எங்களுக்குக் கிடையாது. வெறும் கறியையும் கிழங்கையும் வேகவைத்துப் போட்டால் போதும் என்று இருந்த எங்களிடம், "கால்சியமும் துத்தநாகமும் எங்கிருந்து வரும்?" என்று கேட்டு, கிராம் கணக்கில் உணவுத்திட்டம் எழுதிக்கொடுத்த உணவியல் நிபுணர் அம்மாவுக்கு நன்றி. அவர் சொன்ன கேப்ஸ்யூலையும் பொடியையும் விடாமல் சேர்க்கிறோம்.

அடுத்த வீட்டுப் பாட்டிக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிஸ்கட் இல்லாமல் எங்கள் வாசலை மிதிக்காதவர் நீங்கள். ஒரு துண்டுதானே என்று ஒருதடவைகூட வாதாடாமல் அன்றோடு நிறுத்தினீர்கள். இப்போது வந்ததும் அவளுடைய காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுகிறீர்கள். பொட்டு உங்கள் பையை இன்னும் மோந்து பார்க்கிறாள் என்பது வேறு விஷயம்.

இதே நோயில் தன் நாயைப் பறிகொடுத்த பிறகும் எங்களுக்காக நேரம் ஒதுக்கிய அண்ணா, உங்களுக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. வயிற்று நீர் கூடினாலும் எடை கூடும், அதனால் எடையை மட்டும் நம்பாதே என்று சொன்னவர் நீங்கள்தான். கடைசி விலாவுக்குப் பின்னால், தினமும் அதே இடத்தில் டேப் வைத்து வயிற்றை அளந்து குறிக்கச் சொன்னீர்கள். எண் ஏறுவதை நான் கவலையோடு சொன்ன இரவுகளில் உங்கள் பழைய நோட்டைப் புரட்டிப் பதில் சொன்னீர்கள். அதைத் திறப்பது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை.

ஸ்டீராய்டு ஏற்றமாக இருந்த காலத்தில் நடுராத்திரியில் பொட்டுவை வெளியே கூட்டிப்போன தங்கைக்கும் நன்றி. தூக்கத்திலேயே செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனவள் அவள்.

நோய் போய்விடவில்லை, அடங்கியிருக்கிறது. மருந்தை இன்னும் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். குறைத்த பிறகு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். அன்றைக்கு யாராவது காரில் கூட வர முடியுமா? நான் ஓட்டும்போது என் மடியில்தான் உட்காருவேன் என்று பொட்டு அடம்பிடிக்கிறாள்.

அன்புடன்,
பொட்டுவின் வீட்டார்