பாலத்துப் பலகையில் யார் யார் பெயர்?

திருநெல்வேலியில் தாமிரபரணி ஆற்றின் மேல் நிற்கும் சுலோசன முதலியார் பாலத்துக்குப் புதுத் தகவல் பலகை வைக்கும் பொறுப்பில் உள்ள அலுவலர்களுக்கு,

வணக்கம். பலகைக்கு எழுதியிருக்கும் வாசகத்தின் நகல் போன வாரம் என் கைக்கு வந்தது. ‘சுலோசன முதலியார் வடிவமைத்துக் கட்டிய பாலம்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அதற்கு முன் நீங்கள் அச்சடித்த துண்டுப் பிரசுரத்தில் ‘ஆங்கிலேயர் கட்டியது’ என்று இருந்தது. இரண்டுமே சரியில்லை. என் மனுக்கள் உங்கள் கோப்பில் இருக்கின்றன, விவரமும் உங்களுக்குத் தெரியும். பதில் வராததால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

பணம் கொடுத்தவர் முதலியார். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக, இருந்தவர். ஏறக்குறைய 50,000 ரூபாயைத் தன் சொந்தப் பணத்திலிருந்து போட்டார். 1840-களில் 50,000 ரூபாய்! வீட்டுக்காரம்மாவின் நகைகளும் அதில் போயின என்று நம் ஊரில் இன்றும் சொல்வார்கள். வரைபடம் போட்டவர் கேப்டன் பேபர். லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்து, இரட்டைத் தூண்களும் 11 வளைவுகளுமாக வரைந்தார். கூட நின்று கட்டி முடித்தவர் கேப்டன் ஹார்ஸ்லி. பாலம் வேண்டும் என்று முயற்சி எடுத்தவர் அன்றைய கலெக்டர் தாம்சன். 1843-இல் வேலை முடிந்தது. அந்த வாட்டர்லூ பாலத்தை லண்டன்காரர்கள் 1930-களில் இடித்துவிட்டார்கள். நம்முடையது 1992 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் தாங்கி நிற்கிறது.

நான் ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன், வரைபடம் வரைவது என் தொழில். எந்தக் கட்டட வரைபடமானாலும் வலதுபக்கக் கீழ்மூலையில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று ஆளுக்கொரு கட்டம். வரைந்தவர் கட்டத்தில் இன்னொருவர் கையெழுத்துப் போட்டால் தாளையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு கழிவுநீர்த் தொட்டிக்கே இந்த ஒழுங்கு உண்டு. நம் ஊரின் பெருமை என்று எல்லோரும் சொல்லும் பாலத்துக்கு மட்டும் எல்லாக் கட்டத்தையும் ஒன்றாக்கி ஒரே பெயரை எழுதுவது என்ன நியாயம்?

இதைச் சொல்லத்தான் உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். காலையில் தபால் பிரிவில் மனுவைக் கொடுத்தேன். சீல் வைத்துத் தர மதியம் ஆயிற்று. மாடியில் ஒரு தம்பி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “யார் வரைஞ்சா என்ன சார், பாலம் நிக்குதுல்லா?” என்றார். அடுத்த மேசையில் இருந்தவர் 1840-ஆம் வருஷத்து ஒரிஜினல் பிளான் கொண்டுவரச் சொன்னார். அது என்னிடம் எப்படி இருக்கும் ஐயா? அப்படிப்பட்ட தாள்களைத் தேடிப் பத்திரப்படுத்த வேண்டியது அரசாங்கம் அல்லவா? படியிறங்கும்போது எனக்கு முட்டுவலியைவிட அந்தப் பேச்சுதான் அதிகம் வலித்தது. வாழ்நாள் முழுக்க வரைந்தே பிழைத்தவனிடம் யார் வரைந்தால் என்ன என்று கேட்கலாமா?

அமெரிக்காவில் பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் மெரியன் என்று ஒரு கோல்ஃப் கிளப். அதன் கிழக்கு மைதானம் 1912-இல் திறந்தது. வடிவமைத்த பெருமை ஹியூ வில்சனுக்கு என்றே சொல்லி வந்தார்கள். மெக்டொனால்ட் என்ற மைதான வடிவமைப்பாளரும் அவருடைய மருமகன் விகாமும் ஆலோசனை சொன்னார்களே, அவர்கள் பங்கு எவ்வளவு என்று பிறகு தகராறு வந்தது. வில்சன் முதலில் பிரிட்டனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் வேலையைத் தொடங்கினார் என்று ஒரு கதை. கப்பல் பயணிகள் பட்டியலைத் தேடிப் பார்த்தால் அவர் போனது வேலை தொடங்கிய பிறகு, 1912-இல்! பந்தடிக்கும் புல்தரைக்கு, நூறு வருஷம் கழித்தும் பழைய கடிதங்களைப் புரட்டி உரியவருக்கு உரியதைக் கொடுக்கப் பாடுபடுகிறார்கள். நாமோ ஊருக்கு ஊர் கல்வெட்டு வைக்கிறோம். திறந்து வைத்தவர் பெயர் பெரிய எழுத்தில், முன்னிலை வகித்தவர்கள் பெயர் வரிசையாக. வரைந்தவர், கட்டியவர் பெயர் ஒரு மூலையில்கூட இருப்பதில்லை. அந்தப் பழக்கம் பழைய பாலம் வரைக்கும் வந்துவிட்டதே என்பதுதான் என் கோபம்.

முதலியாரின் பெருமையைக் குறைக்க வந்தவன் என்று என்னைச் சிலர் பேசுகிறார்கள். அவர் பெயர்தான் முதலில் வர வேண்டும், பெரிதாகவும் வர வேண்டும். ஆற்றங்கரையில் தோணிக்குக் காத்துக் கிடந்த சனங்களுக்காகத் தன் பணத்தைக் கொட்டியவர் அவர். அவர் செய்யாத வேலையை அவர் தலையில் ஏற்றினால், செய்த பெரிய காரியம்தான் மங்கிப் போகும்.

கல் சுமந்தவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் நம் ஊர்ச் சனம். அவர்கள் உழைப்பில் எழுந்தது என்று அவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றே ஒன்றுதான். பணம் தந்தவர், வரைந்தவர், கட்டியவர், முயற்சி எடுத்தவர், உழைத்தவர் என்று தனித்தனியாக எழுதுங்கள். கல்லில் எழுத்து வெட்டுவதற்கு முன் வாசகத்தை ஒருமுறை பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். கட்டம் போட்டு ஒரு மாதிரி வரைந்து இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். கூப்பிட்டால் எந்த நாளும் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி